கரையான் இல்லை என்று ஒரு சீட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். உடம்புக்கு வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும்; இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீ போனில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய். ஆமாம், தொழில் படுத்துவிட்டது. உன் அத்தான் போன பிறகு ஆறு வருஷமாக எப்படியோ தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. மஞ்சள் வண்டிகள், வண்டி நிறையக் கரையான் படம், ஒவ்வொன்றும் எலி பருமன். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வீட்டுக்குள் நுழைகிறார்கள். நுழைந்த வீட்டிலெல்லாம் அவர்களுக்குக் கரையான் கிடைத்துவிடுகிறது.

நாங்களும் இலவசமாகத்தான் பார்க்கிறோம். ஆனால் பார்த்த வீடுகளில் பாதிக்குமேல், "ஒண்ணும் இல்லைங்க, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறோம். அது உன் அத்தான் வைத்த வழக்கம். இல்லாத கரையானுக்கு மருந்து அடித்தால் அது பொய்யும் ஆகும், திருட்டும் ஆகும்; ஒரே வேலையில் பத்துக் கட்டளையில் இரண்டை மீறுவது.

என்னிடம் இருப்பது இரண்டு பேர்தான், உனக்குத் தெரியும். மருந்து கலக்குகிறவருக்கு மூன்று பிள்ளைகள். நெட்டையனுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் சாப்பாடு மூன்று ஆளுக்கு வேண்டும். ஜூன் மாதத்துக்குள் புது வாடிக்கையாளர்கள் வராவிட்டால் இருவரையும் அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதாதே. யோசனை அனுப்பு. காய்ச்சல் மாத்திரையை டாக்டர்கள் தலையில் கட்டியே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நீ.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. தலையில் கட்டவில்லை அக்கா, எடுத்துச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கமிஷனில் தெரியும்.

யோசனை கேட்டாய், அள்ளித் தருகிறேன். வண்டியில் பெரிதாக ஒரு சிலுவை, கீழே ஒரு வேத வசனம், 'கிறிஸ்தவ நெறியில் நடக்கும் நிறுவனம்' என்று ஒரு வரி. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை அறிவிக்கட்டும். உங்கள் பங்கில் எத்தனை குடும்பம். எல்லோருக்கும் மரக்கதவு இருக்கும். கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடு. உன் மரியாதையான முகத்தை நோட்டீஸில் போடு. அதைப் பார்த்தாலே பூச்சிகள் நடுங்கும்.

இதெல்லாம் பிடிக்கவில்லை என்றால் கடைசியாக ஒன்று. 'இல்லை' என்று சொல்வதற்குக் காசு வாங்கு. டாக்டர் உனக்கு நோய் இல்லை என்று சொன்னாலும் பீஸை எடுத்துத்தானே வைக்கிறோம். வீடு வாங்குகிறவன், வாடகைக்கு வருகிறவன் எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டும். ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.

என் மனைவி உன்னை விசாரித்தாள். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறாள். தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடாதே.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. அலமாரியில் இருக்கிறது.

சிலுவையைப் பற்றி: கரையான் மருந்து வண்டியில் ஒட்டுவதற்கு அது தர முத்திரை இல்லை. நாளைக்கு நெட்டையன் அந்த வண்டியைச் சந்தில் இடித்துவிட்டு எதிரே வந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டுவான். அப்போது சிலுவையை எந்தத் துணியால் மூடுவது?

சாமியார் தாமாகவே கேட்டார். "சொல்லட்டுமாம்மா, நம்ம சனங்க நம்ம சனங்களுக்கு வேலை குடுத்தா என்ன தப்பு?" என்றார். "கரையான் ஞானஸ்நானம் கேட்டுக்கிட்டா சாமி வீட்டுக்குள்ள வருது?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தள்ளுபடியும் கிடையாது. ஆண்டவரைக் கும்பிடுகிறவருக்கு ஒரு விலை, கும்பிடாதவருக்கு ஒரு விலை என்றால் அது கடை இல்லை.

ஆனால் உன் கடைசி யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. நல்ல செய்தி சொல்வதற்குக் கூலி வாங்குவது முறையா என்று யோசித்தேன். நான் படித்த கான்வென்ட் மதரிடம் கேட்டிருந்தால், கூலி வாங்கு, ஆனால் அதற்குத் தகுந்தபடி வேலை செய்தாயா என்று கேட்டிருப்பார். ஆகவே ஒப்புக்கொண்டேன், என் நிபந்தனைகளோடு. நான் நேரில் போய்ப் பார்க்காத வீட்டுக்குச் சீட்டு இல்லை. இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் ஒரே கட்டணம். யார் காசு கொடுத்தாரோ அவர் கையில்தான் சீட்டு. இருந்தால் எந்த இடத்தில் என்று எழுதுவேன். மருந்தை அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், மஞ்சள் வண்டிக்காரனிடம்கூட.

நேற்று முதல் வீடு. நான் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலைக்கதவுகளைத் தட்டிக்கொண்டே போனேன். நெட்டையன் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா, நீங்க தட்டற தட்டுல கரையானே பயந்து வீட்டைக் காலி பண்ணிடும்" என்றான். பிறகு அவன் தலையே நிலையில் தட்டியது. அது நல்ல திடமான மரம், சத்தத்திலேயே தெரிந்தது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

என் யோசனை பலிக்கிறதா? எனக்குக் கமிஷன் உண்டா? உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லையே, சீட்டு எழுதியே கை ஓய்ந்துவிட்டதா?

இங்கே ஒரு முக்கியமான செய்தி. நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டையே அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். முதலில் எங்களைத்தான் கேட்டார், மே மாதம் வரை பொறுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை. இருபது வருஷமாக இன்னொருவர் சுவரில் ஆணி அடிக்கப் பயந்தவள்.

ஆகவே உங்கள் ஊரில் வாடகைக்கு விட்டிருக்கும் என் வீட்டை விற்க முடிவு செய்துவிட்டேன். நானே நின்று கட்டிய வீடு, கொஞ்சம் வருத்தம்தான். குடியிருந்தவர்கள் காலி செய்தாயிற்று. உங்கள் ஊர் வீட்டுத் தரகர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுவாரே, அவர்தான்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

வீடு வாங்கும் செய்தி சந்தோஷம். உன் மனைவி ஆணி அடிப்பதற்கு முன் மின்சாரக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்.

சீட்டு மெதுவாகத்தான் நகர்கிறது. சில வாரம் நாலைந்து வீடு, சில வாரம் ஒன்றும் இல்லை. மருந்துக்காரருக்கு இன்னும் பாதி நாள் சும்மாதான். உன் சிரிப்புத் தரகர் போன மாதமே என்னிடம் வந்தார். "அம்மா, மாசம் இருபது வீடு தரேன். நீங்க எதுக்கு முழங்காலோட அலையணும்? இங்கயே உக்காந்து கையெழுத்துப் போடுங்க, நான் வந்து வாங்கிக்கறேன்" என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனார்.

இனி உன் விஷயம். நேற்று ஒரு நர்ஸும் அவள் கணவனும் சீட்டு வேண்டும் என்று வந்தார்கள். விலாசத்தைப் பார்த்தால் உன் வீடு. "இது என் தம்பி வீடு, நான் பார்க்கக் கூடாது, வேறு யாரிடமாவது போங்கள்" என்று மஞ்சள் வண்டிக் கம்பெனியின் எண்ணை நானே எழுதிக் கொடுத்தேன். இன்று காலை திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி ஆள் வாசலில் தரகரோடு பேசிவிட்டு வாசலிலேயே 'கரையான் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். அந்தப் பெண் சொன்னாள்: "தம்பி வீடா இருந்தா இருந்துட்டுப் போகுதும்மா. எங்க ஆஸ்பத்திரில நீங்க பாத்த வீட்டுக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. நீங்க சொன்னா நாங்க வாங்கறோம்."

பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். உன்னைக் கேட்காமல் போகமாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன், காரணம் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

இதற்கு ஒரு கடிதமா? தாராளமாகப் போய்ப் பார். உன் சீட்டு இருந்தால்தான் வாங்குவார்கள் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது. சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிடு, இங்கே மே மாதம் ஓடி வந்துகொண்டிருக்கிறது.

என் மனைவி இப்போதே திரைச்சீலைக்கு அளவெடுக்கிறாள்.

அவசரத்தில்,
தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை உன் வீட்டைப் பார்த்தேன். நர்ஸும் அவள் கணவனும் கூடவே இருந்தார்கள்.

முன்னறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் நன்றாக இருக்கின்றன. பின்பக்கத்துப் படுக்கையறையில், குளியலறைச் சுவரை ஒட்டிய நிலைக்கதவில் தட்டியபோது சத்தம் மாறியது. மேலே வண்ணம் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பக்கத்துச் சுவர் அலமாரியின் முதுகுப் பலகையை நெட்டையன் கழற்றினான். கீழிருந்து மேல்தட்டு வரை மண்கோடுகள், உயிருள்ள கரையான். குடியிருந்தவர்கள் அந்த இடத்தில் பீரோவை வைத்திருந்திருப்பார்கள், யாரும் கவனித்திருக்க முடியாது. உன் கட்டுமானத்தில் குறை இல்லை. குளியலறைக் குழாய் கசிந்திருக்கிறது.

சீட்டில் அப்படியே எழுதி அவர்களிடம் கொடுத்தேன். மருந்து அடித்து அந்த நிலையை மாற்றினால் வீடு இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்றும் எழுதினேன். நர்ஸின் கணவன் வாங்கலாம் என்றான். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள்.

சீட்டு அவர்கள் கைக்குப் போன அதே மணியில் உனக்கு இதை எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே தரகர் போனில் சொல்லிவிட்டார்.

கரையான் இல்லை என்று பொய் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நர்ஸை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஒரு வாரம் தவணை கேட்டிருப்பேன். நானே மருந்து அடித்து, நிலையை மாற்றி, பிறகு கூப்பிட்டிருப்பேன். நீங்களும் உண்மையாகவே 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

செய்தி பரவிவிட்டது. இரண்டாவதாக வந்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். இங்கே சொந்தக்காரர், இனிப் பொறுக்க முடியாது என்று வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். திரைச்சீலைத் துணியை என் மனைவி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உங்களுக்கு வாடிக்கையாளர் வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். அது என் வீட்டில் வந்து முடியும் என்று நினைக்கவில்லை.

தம்பி

மே 2

அன்புத் தம்பிக்கு,

என்னை நீங்கள் என்று நீ எழுதி நான் பார்த்ததில்லை. அதைத்தான் முதலில் படித்தேன். மற்றதைப் பிறகு படித்தேன்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அந்தப் பெண் காசு கொடுத்து என்னைக் கூட்டிப்போனாள். அவள் பக்கத்தில் நிற்கும்போது என் விரல் மரத்துக்குள் இருந்தது. அவளை வாசலில் நிறுத்திவிட்டு விற்கிறவருக்கு முதலில் சொல்வது என்றால், அவள் எதற்கு என்னிடம் வர வேண்டும்? வேறு யார் வீடாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். உன் வீடு என்பதால் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும் என்று நீ சொல்கிறாய். அது ஒன்றுதான் என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் உன் மனைவி துணியை மடித்து வைத்ததை என்னால் மறக்கவும் முடியவில்லை.

நீ போய்ப் பார் என்று எழுதினாய். நான் பார்த்தேன். நீ 'எழுதிக் கொடு' என்று மட்டும் நினைத்திருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருஷம் பழகியும் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் சரியாகக் கணிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு மருந்து நான் அடித்துத் தருகிறேன். கூலி என்ற பேச்சே வேண்டாம். ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உன் மனைவி எடுத்து, "நல்லா இருக்கோம் அண்ணி, அவர் வெளிய போயிருக்கார்" என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது. இருமலுக்கு யாரையாவது பார்.

ஷட்டரை இறக்கவில்லை. எப்படி என்று நீ வேறு யாரிடமாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சிரிப்புத் தரகர் டீக்கடை, வங்கி, பத்திரப்பதிவு ஆபீஸ் என்று போகிற இடமெல்லாம், "சொந்தத் தம்பி வீட்டையே கவுத்த பொம்பளை, அதுகிட்ட போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களெல்லாம் நேராக என்னிடம் வருகிறார்கள். நேற்று ஒருவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "தம்பி வீட்டுக்கே இல்லைன்னு எழுதமாட்டேன்னு சொன்னது நீங்கதானேம்மா?" நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? புதிதாக ஒரு ஆளைச் சேர்த்திருக்கிறேன். மருந்துக்காரர் ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலையில் இருக்கிறார்.

மஞ்சள் வண்டிக்காரன் செலவழித்தும் வாங்க முடியாத விளம்பரம் என்று நெட்டையன் சொன்னான். அவனை அன்று முழுவதும் பம்பு கழுவ வைத்தேன்.

சாமியார் இதைப் பிரசங்கத்தில் சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டு பூசைக்கு முன்பே போய் நின்றேன். "பேர் சொல்லமாட்டேன்மா, நல்ல முன்மாதிரி" என்றார். "சாமி, அது முன்மாதிரி இல்ல, என் தம்பி" என்றேன். அவர் சொல்லவில்லை.

பிள்ளைகள் இல்லாத எனக்கு உன்னிடம் தவிர வேறு யாரிடமும் தொழில் பேசிப் பழக்கமில்லை. தினமும் நடந்ததை உனக்கு எப்படி எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே வீடு திரும்புகிறேன். பிறகு எழுதுவதில்லை.

பழையபடி,
அக்கா

ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய நிறுவன உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் ஊரில் எனக்குச் சொந்தமான வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் பின்பக்கத்துப் படுக்கையறையில் கரையான் இருப்பதாக நம்பத்தகுந்த ஒருவர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

என் தரகர், புதிய வண்ணம் பூசி வெளியூர் ஆள் யாருக்காவது தள்ளிவிடலாம் என்றும், அதற்குத் தோதான ஒருவர் கையில் இருப்பதாகவும் தெரிவித்தார். வெளியூர் ஆளுக்கு ஒரு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். எனக்கு வீடு தேவைப்பட்ட அவசரம் இப்போது இல்லை, ஆகையால் யோசிக்க நேரம் இருந்தது. சாவியை அவரிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருந்து அடிக்க எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும், வீட்டு உரிமையாளர் நேரில் இருப்பது அவசியமா? சலுகை எதுவும் வேண்டாம். தங்கள் நிறுவனத்தில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

ஆகஸ்ட் 17

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இன்று காலைத் தபாலில் கிடைத்தது. உடனே பதில் எழுதுகிறோம்.

மற்ற வாடிக்கையாளர்களிடம் வாங்கும் கட்டணம்தான் தங்களுக்கும். தனித் தாளில் எழுதி இணைத்துள்ளோம். முதலில் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு ஒரு நாள். மறுநாள் சுவர் ஓரமாகத் தரையில் துளை போட்டு மருந்து செலுத்துவோம். நிலையை மாற்றுவது தச்சர் வேலை. நல்ல தச்சர் ஒருவரைச் சொல்ல முடியும், அவர் சொன்ன தேதியில் வரமாட்டார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து எங்கள் நிறுவன உரிமையாளர் நேரில் வந்து பார்ப்பார். இல்லை என்றால்தான் இல்லை என்று எழுதுவார்.

வீட்டு உரிமையாளர் நேரில் இருப்பது அவசியம் இல்லை. பெரும்பாலோர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் தாங்கள் வருவதாக இருந்தால், தங்கள் மனைவியையும் அழைத்து வருவதாக இருந்தால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து அடித்த வீட்டில் இரண்டு இரவு யாரும் படுக்கக் கூடாது. வாடை தலைக்கு ஏறும், இருமல் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஆகையால் அந்த இரண்டு இரவும் தங்குவதற்கு இந்த ஊரில் தங்களுக்கு வேறு வீடு உண்டா என்பதை மறுதபாலில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நிறுவன உரிமையாளர்